உயிரோடு வந்த எலி

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரவு வேலை முடிந்து வந்த நர்ஸ் முதலில் மெதுவாகத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். பிறகு இரண்டு கைகளாலும் அறைந்தார்.

“அக்கா, நான்தான். கதவைத் திற.”

பதில் இல்லை. அவருடைய அக்கா அப்படி அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறவர் அல்ல. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தெருவில் எவனாவது குப்பைப் பையை வீசினால், அது தரையில் விழுவதற்குள் ஜன்னலில் நின்று போட்டோ எடுத்துவிடுவார். எடுத்த படம் உடனே மாநகராட்சிக்குப் போய்விடும். தெருவில் பாதிப் பேர் அவரைக் ‘கேமரா டீச்சர்’ என்றார்கள். மீதிப் பேர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் வழியில்லை. உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது. முந்தின நாள் மாநகராட்சியின் எலிப் பிரிவு வந்து, கட்டடத்தைச் சுற்றியிருந்த வளைகளில் வேலை செய்துவிட்டுப் போயிருந்தது. ‘இன்று இரவு கதவு, ஜன்னல்களை மூடி வைக்கவும்’ என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். விதி என்று ஒன்றைக் கண்டால் டீச்சர் அதற்கு மேலே ஒரு படி போய்ச் செய்வார்.

நர்ஸ் போட்ட கூச்சலில் மாடி வீட்டம்மா இறங்கி வந்தார். எதிர்க் கதவிலிருந்து மெஸ்காரர், ஈரத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “தள்ளுங்க, தள்ளுங்க” என்று தோளால் ஓங்கி ஓங்கி இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

அழுகிய பூண்டு மாதிரி ஒரு நெடி குப்பென்று வெளியே வந்தது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் டீச்சர் குப்புறக் கிடந்தார். ஒரு கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. நர்ஸ் உள்ளே பாயப் போனார். மாடி வீட்டம்மா அவரை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“யாரும் உள்ள வராதீங்க! விஷ வாயு!” என்று கத்தினார் மெஸ்காரர். அவர் மட்டும் உள்ளே போனார். ஜன்னல் தாளைக் கிழித்தார், வெளியே வந்தார், மறுபடியும் போனார். நெடி தணிகிற வரை வேறு யாரும் வாசற்படி தாண்டவில்லை. தெருவில் குப்பை வண்டியின் மணி அடித்தது. அந்த நேரத்தில் அதை யார் காதில் வாங்குவார்கள்?

*

காலை எட்டரை.

எலிப் பிரிவின் ஆய்வாளருக்கு எலி என்றால் உயிர் போய் உயிர் வரும். மாநகராட்சி முழுக்கத் தெரிந்த ரகசியம் இது. விழுந்து விழுந்து படித்தார், தேர்வில் முதலாவதாக வந்தார், சுகாதாரத் துறையில் வேலையும் கிடைத்தது. எந்தப் பிரிவு என்று சொன்னபோதுதான் மயக்கம் போட்டு விழாத குறை. ‘எலி மேடம்’ என்ற பெயர் மட்டும் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது.

அவருக்குக் கீழே வளை அடைக்கிறவர்களில் ஒருவர் அவருடைய சொந்த அண்ணன். அவர் இந்த வேலைக்கு முன்னாலேயே வந்தவர். வேலை நேரத்தில் தங்கையை “மேடம்” என்பார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் “ஏய் பயந்தாங்கொள்ளி” என்பார். இரண்டிலும் கேலி ஒரே அளவுதான்.

அந்த மாதம் ஆய்வாளர் இரண்டு உத்தரவு போட்டிருந்தார். முதலாவது குடியிருப்பவர்களுக்கு: ஈரக் குப்பை வாளியை இருட்டிய பிறகு வெளியே வைக்கக் கூடாது, வீட்டுக்குள் வைத்து, காலையில் வண்டி வரும்போது வெளியே வைக்க வேண்டும். இரவெல்லாம் எலிக்கு விருந்து வைத்துவிட்டுப் பகலில் அதைக் கொல்ல ஆள் அனுப்புவதில் என்ன பயன்? இரண்டாவது தன் ஆட்களுக்கு: ஈரம் பட்டால் விஷ வாயு கிளப்புகிற மாத்திரையைப் போடுவது தூரத்தில், பெரிய குப்பைத் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற வளைகளில் மட்டும். வீட்டுச் சுவரை ஒட்டிய வளையில் பேப்பரைக் கசக்கி அடைத்தால் போதும். மாத்திரை கூடவே கூடாது.

“உங்க ஆளை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கோம்” என்றார் போலீஸ் இன்ஸ்பெக்டர். “வீட்டுச் சுவர் பொந்துல மாத்திரை போட்டிருக்கான். வாயு உள்ள போயிருச்சு.”

“அவர் போட மாட்டார் சார்.”

“போட்டதைக் கண்ணால பாத்த சாட்சி இருக்கு. எதிர் வீட்டு மெஸ்காரர்.”

“தூரத்துப் பொந்துல போட்டதைப் பாத்திருப்பாரு.”

“இந்தப் பொந்துன்னு கை நீட்டிக் காட்டறாரு.” இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “அவன் உங்க கூடப் பிறந்தவனாமே மேடம்? நீங்க இதுல பேசாம இருக்கறது உங்களுக்கு நல்லது.”

ஓர் உயிர் போயிருக்கிறது. அண்ணனுக்கு வேலை போகும் என்பது இல்லை இப்போது. ஜெயில். பல வருஷம் ஜெயில்.

கட்டடத்துக்குப் பின்னால் போனார்கள். டீச்சர் வீட்டுச் சுவரின் அடியில் வளை வாய் திறந்திருந்தது. அடைத்திருந்த பேப்பர் உருண்டை ஒரு கை தூரத்தில் வெளியே கிடந்தது. அதைச் சுற்றி ஈர மண் விசிறி மாதிரி பரந்து சிதறியிருந்தது.

“பாத்தீங்களா? அடைச்சது ஒரு ராத்திரிகூட நிக்கல. அவசர வேலை” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். டார்ச் விளக்கை உள்ளே காட்டினார்.

உள்ளே இரண்டு கண்கள் மின்னின. அடுத்த நொடி கொழுத்த எலி ஒன்று வளையிலிருந்து பாய்ந்து, அவர் காலின் மேல் ஏறி, சேலை விளிம்பை உரசிக்கொண்டு ஓடிப் போனது. ஆய்வாளர் போட்ட அலறல் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். பின்னால் நின்ற கான்ஸ்டபிளின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

துக்க வீடு என்பதையும் மறந்து கூட்டம் சிரித்தது. “இவங்கதான் எலிப் பிரிவா?” என்று யாரோ கேட்டார்கள். அவமானத்தில் ஆய்வாளருக்குக் கண்ணீர் முட்டியது.

வீட்டுக்குள், அடுக்களை மூலையில் அதே வளையின் மறுமுனை. டீச்சர் துணியைத் திணித்து, மேலே பலகை வைத்து ஆணி அடித்திருந்தார். “இந்தச் சந்து வழியாத்தான் வாயு வந்திருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர். வேறு வழி எதுவும் கண்ணில் படவில்லை.

வெளியே வரும்போது மாடிப்படிக்குக் கீழே நாலு பச்சை வாளிகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒன்று முதல் நாலு வரை வெள்ளைப் பெயின்டில் கதவு எண். குப்பை வண்டி வந்து போய்விட்டது. மூன்று வாளிகளில் தோலும் தேயிலைத் தூளும் ஒட்டியிருந்தன. ஒன்றாம் எண் மட்டும் பளிச்சென்று கழுவியிருந்தது. டீச்சருடையது. அவருடைய வாளி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஆய்வாளர் நடந்தார்.

*

நர்ஸை மாடி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். கையில் கொடுத்த தேநீர் ஆறிப்போயிருந்தது.

“அக்காவை கடைசியா எப்ப பாத்தீங்க?”

“நேத்து சாயங்காலம். ஜன்னலுக்கு டேப் ஒட்டிக்கிட்டிருந்தா. ‘ஒரு எலி வரட்டும் பாக்கலாம்’னு சிரிச்சா.”

“வீட்ல வேற யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரல. நேத்து எனக்கு லீவுங்க. கடைசி நேரத்துல ஆள் இல்லன்னு கூப்பிட்டாங்க, போனேன்.” சொல்லிவிட்டு நர்ஸ் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “இல்லன்னா நானும் அந்த ரூம்லதான் படுத்திருப்பேன்.”

மெஸ்காரர் தன் வாசலில் நின்றிருந்தார். பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டி அனுப்புகிற தொழில். அன்று அடுப்பு மூட்டவில்லை.

“என்ன பாத்தீங்க?”

“நேத்து சாயங்காலம் உங்க ஆளு டப்பாவைத் திறந்தாரு. வெள்ளையா ஏதோ எடுத்து உள்ள போட்டாரு. பேப்பரை வெச்சு அடைச்சாரு.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“ஆபீஸ் ஆளுங்க வேலையில நாம மூக்கை நுழைக்க முடியுமா?”

“டீச்சருக்கும் உங்களுக்கும் தகராறு இருந்துச்சே.”

“வாய்ச் சண்டைதான். சுவருக்கு அந்தப் பக்கம் குப்பை கொட்டறேன்னு போட்டோ எடுத்து அனுப்பிட்டே இருந்தாங்க. போனவங்களைப் பத்தி இப்ப எதுக்கு?”

“அந்தப் போட்டோவை வெச்சு அடுத்த வாரம் உங்க மெஸ் உரிம விசாரணை. என் மேசைக்குத்தான் வருது.”

“வரட்டும் மேடம். என் ஸ்டோர் ரூமை எட்டிப் பாருங்க. இத்தனை மாவு மூட்டை இருக்கு. ஒரு எலிப் புழுக்கை காட்டுங்க பாப்போம்.”

எட்டிப் பார்த்தார். உண்மைதான். பின்சுவர் முழுக்க எலி வளை. இந்த அறையில் மட்டும் ஒரு மூட்டையில்கூடக் கடித்த ஓட்டை இல்லை.

“பூனை வளக்கறீங்களா?”

“சமைக்கிற இடத்துலயா? என்ன மேடம் நீங்க!”

தெரு ஓரத்தில் குப்பை வண்டிக்காரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குப்பையை இறக்கிவிட்டு, செய்தி கேட்டுத் திரும்பி வந்திருந்தார்.

“உடம்பு சரியில்லையா?”

“காலைலேருந்து தல சுத்துது மேடம். ரெண்டு தடவை வாந்தி. வெயிலு ஒத்துக்கல போல.”

“வண்டி இங்க எப்ப வந்துச்சு?”

“கூட்டம் கூடி நின்னாங்களே, அப்ப. வாளிங்க வரிசையா இருந்துச்சு. கொட்டிக் கவுத்துட்டுக் கெளம்பிட்டேன். டீச்சரம்மா போயிட்டாங்கன்னு அடுத்த தெருவுலதான் தெரிஞ்சுது. இந்தத் தெருவுல எனக்குத் தண்ணி குடுக்கற ஒரே ஆளு அவங்கதான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

*

பகல் பதினொன்று. ஸ்டேஷன்.

அண்ணன் பெஞ்சின் ஓரத்தில், முழு இடத்தில் உட்காரக்கூடத் தனக்கு உரிமை இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். எப்போதும் கேலியாகவே பார்க்கிற கண்களில் இப்போது வெறும் பயம்.

ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தின நாள் தானே அவரை அவசரப்படுத்தியது நினைவுக்கு வந்தது. ‘சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும், சாக்குச் சொல்லாதே’ என்று போனில் கத்தியிருந்தார். அவசரத்தில் கை தவறி ஒரு மாத்திரை? மாட்டார். ஆனால் அவசரம்? மனசு இரண்டு பக்கமும் இழுத்தது.

“அண்ணா, நிஜமாவே போடலையா?”

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“போடல மேடம்” என்றார்.

வேலை நேரத்தில் சொல்கிற அதே ‘மேடம்’தான். ஆனால் அதில் கேலி இல்லை. ஆய்வாளர் எழுந்து வந்துவிட்டார்.

*

அலுவலகத்தில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தேநீர் கொண்டுவந்த பியூன் மட்டும், சூழ்நிலை புரியாதவன், இளித்துக்கொண்டு கேட்டான்: “மேடம், எலி மேல ஏறிடுச்சாமே?”

“ஆமாய்யா, ஏறிச்சு! எல்லாருக்கும் சிரிப்பா இருக்கு இல்ல? இவ்வளவு பெரிய எலி, உயிரோட…”

அவர் அப்படியே நின்றுவிட்டார். பியூன் பயந்துபோய்த் தேநீரை வைத்துவிட்டு நகர்ந்தான். ஆய்வாளர் போனை எடுத்தார்.

“சார், அந்தப் பொந்துலேருந்து ஒரு எலி வந்துச்சு. எல்லாரும் பாத்தோம்.”

“நீங்க கத்தினதைத்தான் எல்லாரும் பாத்தோம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அது எப்படி சார் உயிரோட வந்துச்சு?”

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். “மேடம், இனி இதெல்லாம் தேவையில்ல. உங்க அண்ணன் ஒத்துக்கிட்டான். கை தவறிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டான். நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறோம்.”

ஆய்வாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா? ஏன்? அழுதால் இப்போது காரியம் கெட்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையை ஒவ்வொரு பொருளாக நினைத்துப் பார்த்தார். வளை வழியாக வாயு வரவில்லை. கதவு தாழிட்டிருந்தது. ஜன்னலுக்கு டேப். ஆக, அந்த அறைக்குள் டீச்சரே தன் கையால் எதையோ கொண்டு வந்து வைத்திருக்க வேண்டும். காலையில் அது அங்கே இல்லை.

சட்டென்று எழுந்தார். ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்து வண்டிக்காரம்மா வீட்டுக்குப் போனார்.

“இன்னிக்கு அந்தத் தெரு ஈரக் குப்பையை எங்கம்மா கொட்டினீங்க?”

“உரக் கிடங்குலதான். நம்ம வார்டுக்குத் தனிக் குவியல். ஆனா சாயங்காலம் மிஷின் வந்து எல்லாத்தையும் ஒண்ணாக் கிளறிடுமே மேடம்.”

“நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. விஷ வாயுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. வெயில்னு சொல்லாதீங்க.”

*

மாலை நாலரை. உரக் கிடங்கு.

குவியல் குவியலாக ஊரின் எச்சில் எல்லாம் அங்கே கிடந்தது. தூரத்தில் கிளறும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காவல்காரர் காட்டிய குவியல் கடைசி வரிசையில் இருந்தது. அங்கே போக நடுவில் ஒற்றையடிப் பாதைதான். அதன் இரண்டு பக்கமும் எலிகள்.

ஒன்று இரண்டு அல்ல. ஆள் வருவதைக் கண்டு ஓடக்கூட மெனக்கெடாத எலிகள். தின்றதை நிறுத்திவிட்டுத் தலை தூக்கிப் பார்த்தன. ஆய்வாளருக்கு முகக் கவசத்துக்குள் மூச்சு முட்டியது. ரப்பர் பூட்ஸுக்குள் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன. திரும்பி ஓடிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அண்ணனே சிரிப்பார்.

அண்ணன் சிரிப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே உள்ளே நடந்தார். ஓர் எலி பூட்ஸின் மேல் குதித்து இறங்கியது. கத்தினார். ஆனால் நிற்கவில்லை. வாய்விட்டுக் கத்திக்கொண்டே கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தார்.

குவியலின் ஒரு பக்கம் ஈ மொய்த்தது, எலி மேய்ந்தது. மறு பக்கத்தில் ஓர் இடம் மட்டும் அமைதியாக இருந்தது. ஈ இல்லை. நாலைந்து எலிகள் பல்லைக் காட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எலியைப் பார்த்து ஆய்வாளருக்கு நிம்மதியாக இருந்தது.

நீண்ட கம்பியால் தள்ளி நின்று கிளறினார். உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் ஒரு பழுப்புக் காகிதம் வந்தது. மாவுப் பையைப் பிரித்த தடித்த காகிதம். வாளியின் அடி வடிவத்தில் வட்டமாக மடிந்திருந்தது. அதன் கீழ்ப்புறத்தில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தது. நடுவில் பாதி கரைந்த மாத்திரை ஒன்று.

“கிட்ட வராதீங்க! மிஷினை நிறுத்துங்க!” என்று காவல்காரரைப் பார்த்துக் கத்தினார். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

*

மாலை ஆறு. டீச்சர் வீட்டு வாசல். இன்ஸ்பெக்டர், நர்ஸ், மாடி வீட்டம்மா, மெஸ்காரர், இரண்டு கான்ஸ்டபிள்கள்.

“ஒரு கேள்விதான்” என்றார் ஆய்வாளர். “பொந்துல மாத்திரை போட்டிருந்தா முதல்ல யார் சாகணும்?”

“எலி” என்றார் இன்ஸ்பெக்டர், வேண்டாவெறுப்பாக.

“அது செத்துதா? என் கால்ல ஏறி ஓடுச்சு. எல்லாரும் சிரிச்சீங்க. அதுதான் என் அண்ணனுக்குச் சாட்சி.”

“வேற எங்கேருந்தோ வந்து காலையில அந்தப் பொந்துக்குள்ள நுழைஞ்சிருக்கும்” என்றார் மெஸ்காரர்.

“பேப்பர் உருண்டை வெளிப்பக்கம் கிடந்துச்சு. மண்ணும் வெளிப்பக்கம்தான் சிதறியிருந்துச்சு. உள்ள அடைபட்ட எலி தள்ளித் திறந்தாத்தான் அப்படி விழும். அவசர வேலைன்னு நாம எதைச் சொன்னோமோ, அது எலி ராத்திரி முழுக்க உயிரோட இருந்ததுக்கு அடையாளம். அந்தப் பொந்துல வாயு இருந்ததே இல்ல. அப்ப மாத்திரை போட்டதைப் பாத்தேன்னு சொன்னவர் பாக்காததைச் சொல்லியிருக்காரு.”

மெஸ்காரர் தன் வாசல் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்.

“வாயு இந்த ரூமுக்குள்ளயே பொறந்திருக்கு” என்று ஆய்வாளர் தொடர்ந்தார். “டீச்சர் தன் கையாலயே உள்ள கொண்டு வந்து வெச்சது ஒண்ணே ஒண்ணு. நான் போட்ட உத்தரவுப்படி, பொழுது சாயறப்ப, குப்பை வாளி. காலி வாளியோட அடியில யாரோ மாத்திரையைப் போட்டு மேல காகிதம் விரிச்சிருக்காங்க. டீச்சர் அது மேல ஈரக் குப்பையைப் போட்டுட்டு, மூடிட்டுப் படுத்துட்டாங்க. ஈரம் காகிதத்துல இறங்க இறங்க வாயு கிளம்பியிருக்கு. சாதாரணமா ஜன்னல் திறந்திருக்கும். நேத்து என் நோட்டீஸைப் படிச்சுட்டு டேப் ஒட்டியிருந்தாங்க.”

நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“காலையில கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சு. அப்ப ஒண்ணாம் நம்பர் வாளியும் உள்ளதான் இருந்திருக்கணும். வண்டி வந்தப்ப அது எப்படி வெளிய வரிசையில நின்னுச்சு? நான் அதை என் ரெண்டு கண்ணால பாத்தேன். பளிச்சுன்னு இருக்கே, டீச்சருடையதாச்சேன்னு நெனச்சுட்டுப் போயிட்டேன். வண்டிக்காரம்மா வாளி கழுவறது இல்ல. செத்தவங்க எந்திரிச்சு வந்து குப்பை வாளியை வெளிய வெச்சுக் கழுவிக் கவுக்கவும் மாட்டாங்க. கதவை உடைச்சப்புறம் போலீஸ் வர்ற வரைக்கும் உள்ள போய் வந்தது யாரு?”

மாடி வீட்டம்மா மெல்ல மெஸ்காரர் பக்கம் திரும்பினார். “இவர் மட்டும்தான். நான் இவங்களைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.”

“நாத்தமா இருந்துச்சு, எடுத்து வெளிய வெச்சேன். உதவி பண்ணினதுக்கு இதுதான் கூலியா?” என்றார் மெஸ்காரர். நெற்றியில் வேர்த்திருந்தது.

“கழுவினதும் உதவியா? இத்தனை வருஷமா ஒரு வாளியை வண்டிக்கு வெச்சதில்ல நீங்க, எல்லாத்தையும் சுவர் தாண்டித்தான் போட்டீங்க. இன்னிக்கு ஒரு நாள் எல்லா விதியையும் ஒழுங்காச் செஞ்சிருக்கீங்க. இன்னொண்ணு. நெடி வந்தது கதவு உடைஞ்சப்புறம்தான். மூக்குல ஈரத் துண்டை நீங்க அதுக்கு முன்னாடியே கட்டிட்டு வந்தீங்கன்னு மாடி வீட்டம்மா காலையில சொன்னாங்க.”

“ஆமா” என்றார் நர்ஸ். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “துண்டு கட்டிட்டுத்தான் ஓடி வந்தாரு. நான் கும்பிட்டேன். தெய்வம் மாதிரி வந்தீங்கன்னு கும்பிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். கான்ஸ்டபிள்கள் ஸ்டோர் ரூமுக்குள் போனார்கள். மூட்டைகளைப் புரட்டினார்கள். எலி ஏன் அந்த அறைக்குள் வரவில்லை என்பது பின்வரிசையில் தெரிந்தது: மாவுப் பைகளுக்கு நடுவில் வாயு மாத்திரை வைத்த ஓர் அலுமினிய டப்பா, பாதிக்கு மேல் காலி. கிடங்கில் கிடைத்ததும் அதே பைகளின் காகிதம்தான்.

மெஸ்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பொம்பளை என் பொழப்பைக் கெடுத்துட்டா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

“நேத்து ராத்திரி நானும் உள்ள இருந்திருந்தா?” என்று நர்ஸ் கேட்டார்.

மெஸ்காரர் தலை நிமிரவில்லை. முந்தின நாள் நர்ஸுக்கு லீவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மாடி வீட்டம்மா தன் வீட்டு வாளியை எட்டி உதைத்துத் தூரத் தள்ளினார்.

*

அண்ணனை வெளியே விடும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டினார். “எலி காப்பாத்திடுச்சுய்யா உன்னை” என்றார். அண்ணன் சிரிக்க முயன்றார்.

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஆய்வாளரின் பூட்ஸில் இன்னும் கிடங்கின் சேறு இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவரால் அடக்க முடியவில்லை.

“ஏன் அண்ணா ஒத்துக்கிட்டே? அடிச்சாங்களா?”

“அடிக்கல.”

“பின்ன? செய்யாததை எதுக்குச் செஞ்சேன்னு சொன்னே?”

அண்ணன் நடந்துகொண்டே இருந்தார். மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

“அவங்க கேட்டப்பல்லாம் போடலன்னுதான் சொன்னேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்லியிருப்பேன். அப்புறம் நீ வந்து கேட்டே. என்னை நல்லாத் தெரிஞ்சவ நீ. நீயே கேக்கறேன்னா, அப்ப போட்டிருப்பேன் போலன்னு பயந்துட்டேன்.”

ஆய்வாளர் நின்றுவிட்டார். அண்ணன் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வா, வீட்டுக்குப் போலாம்” என்றார். பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை.